வரவேற்புக்கு எழுதிய நான்கு பெயர்கள்

அக்டோபர் 1, புதன்

காலை முதல் புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. சேவை மையத்தின் குளிர்சாதனம் மீண்டும் சொட்டுகிறது, வாளி வைத்தாயிற்று. ஒய்பி (எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அம்மையார்) கோலாலம்பூரில், கட்சிக் கூட்டம். மேல்மாடியில் நாங்கள் மூவர்: நான், மலாய்க்கார எழுத்தர் கக் ரோஸ், சட்டம் படித்த உதவியாளர் தர்ஷினி.

பிற்பகல் தர்ஷினி சொல்லச் சொல்ல எழுதியது:

1. பிப்ரவரி 17. வேலையில் சேர்ந்த முதல் வாரம். கட்சிக் கிளைத் தலைவர்கள் கூட்டத்தில் சிறப்பு அதிகாரி குணாளன் அறிமுகம் செய்த விதம்: "இதுதான் நம்ம ஆபீஸ் அழகு." சட்டப் பட்டம் பற்றி ஒரு சொல் இல்லை.

2. ஏப்ரல் 12. மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்புடன் நின்றபோது, சேலை மடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லித் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டாள். சிரித்தார். பார்த்தவர்: கக் ரோஸ்.

3. மே 23. "ஞாயிறு சிங்கப்பூர் போலாம், ஒய்பிக்குத் தெரிய வேணாம்." மூன்று செய்திகள். மூன்றும் பத்திரமாக உள்ளன.

4. ஜூலை 9. நாடாளுமன்ற வராந்தா. படம் எடுக்கும்போது இடுப்பில் அவர் கை. அந்தப் படம் சேவை மையத்தின் முகநூல் பக்கத்தில் ஏறியது. நீக்கச் சொல்லி நான்கு முறை கேட்டாள். இன்றும் இருக்கிறது.

5. ஆகஸ்ட் 6. திரு சேதுபதியிடம் சொன்னாள். அவர் வேலை அட்டவணையை மாற்றினார். வேறு எதுவும் செய்யவில்லை.

6. செப்டம்பர் 26. ஒப்பந்தப் புதுப்பிப்புப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அக்டோபர் 31 கடைசி நாள்.

சேதுபதி நான். ஐந்தாவதை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

இரண்டாவதில் முதலில் "அநாகரிகமாக நடந்துகொண்டார்" என்று எழுதியிருந்தேன். எட்டிப் பார்த்தாள்.

"அப்படி எழுதினா என்னா நடந்துச்சுன்னே தெரியாது சார். தோள்ல கை வச்சாரு. அத எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒய்பிக்கு உரை எழுதுபவன்; சொல்லை வழவழப்பாக்குவது தொழில். இன்று அது ஒரு குற்றத்துக்குத் திரை போட்டது என்பதைப் பார்த்தேன்.

இந்தக் குறிப்பேடும் அவள் யோசனை. அன்றன்றைக்கே எழுதினால்தான் பின்னாளில் மதிப்பு என்றாள்.

வாங்க வேண்டியவை: அச்சு மை, வாளிக்கு மூடி, மனைவி மாலதியின் முட்டி வலித் தைலம்.

அக்டோபர் 2, வியாழன்

மழை, மூன்றரைக்கு. சாக்கடை வழிந்து கீழ்த்தளக் கடைக்காரர் திட்டு.

பதினோராம் தேதி தீபாவளி அன்பளிப்புக் கூடை வழங்கும் நிகழ்ச்சி. நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது என் வேலை. பழைய நிரல் ஒன்றை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது வழக்கம். அதற்காக ஏழு ஆண்டுக் கோப்பைத் திறந்தேன். மூடவில்லை.

ஒவ்வொரு நிரலிலும் இரண்டாம் வரி: "வரவேற்பு (பன்னீர், சந்தனம், மாலை)". அதன் எதிரே ஒரு பெண் பெயர். சரஸ்வதி. பிறகு நிஷா. பிறகு பவித்ரா. பிறகு தர்ஷினி. ஒருத்தி போனதும் அடுத்தவள். ஒருத்தி கணக்காயர். ஒருத்தி மாண்டரினும் பேசுவாள். எல்லாரையும் பட்டுச்சேலையில் வாசலில் நிறுத்தியது இந்த வரி. வரியை எழுதியவன் நான்.

இந்த ஏழு ஆண்டுகளில் இங்கே ஆண்களும் வேலை பார்த்தார்கள். ஒருவர் பெயரும் அந்த வரியில் இல்லை. எனக்கு அப்படி ஒன்று தோன்றியதே இல்லை.

வாசலில் யார் நிற்பது என்று முடிவானால், யார் பக்கத்தில் போய் நின்று சேலை மடிப்பைப் பற்றிப் பேசலாம் என்பதும் முடிவாகிறது. குணாளனுக்கு நான் ஆண்டுக்குப் பத்து முறை இடமும் நேரமும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று பேரின் விலகல் கடிதங்களும் அதே அலமாரியில். மூன்றிலும் "சொந்தக் காரணங்களால்". நடை என்னுடையது. திருத்திக் கொடுங்கள் என்று கொண்டுவந்தார்கள். கமா சரிசெய்து கொடுத்தேன்.

இரவு உணவின்போது மாலதியிடம் சொன்னேன். பள்ளித் துணைத்தலைமை ஆசிரியை. பாதி சொல்வதற்குள் முழுவதும் புரிந்துகொள்பவள். மோர்க்குழம்பை நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் புள்ளைங்களுக்கு அப்பவே கோபம் வந்திருக்கும். உங்களுக்குத்தான் இப்ப வந்திருக்கு."

இரண்டு தட்டுகளையும் எடுத்துப் போய்க் கழுவி வைத்தேன். 

அக்டோபர் 3, வெள்ளி

வெயில். கு. (இனி இவ்வளவுதான் எழுதுவேன், முழுப்பெயருக்கு மை வீண்) பத்தரைக்கு வந்தார். கையில் எல்லாருக்கும் ரொட்டி சானாய். எப்போதும் இப்படித்தான், யார் பிறந்தநாளையும் மறக்காதவர். கிளைகள் எல்லாம் அவர் கையில். ஒய்பியின் வெற்றி கிளைகளின் கையில்.

கதவைச் சாத்திவிட்டுப் பட்டியலின் ஆறாம் எண்ணைப் பற்றி மட்டும் கேட்டேன். தர்ஷினி பெயரை எடுத்தது யார்?

"வேல சரியில்லண்ணே. மூஞ்சி காட்றா. வர்றவங்களுக்கு ஒரு சிரிப்பு கூட இல்ல."

அவள் மனு எழுதிக் கொடுத்ததில் இந்த ஆண்டு ஐந்து பேரின் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாதவர்களுக்கானது) விவகாரம் நகர்ந்திருக்கிறது என்றேன். சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி:

"அண்ணே, கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு என்னா அவ்ளோ அக்கறை? வெளிய நாலு பேரு பேசுறாங்கண்ணே."

யாரும் பேசவில்லை. இனிமேல் பேசுவார்கள், பேச வைப்பார். அதைத்தான் எனக்குச் சொன்னார்.

"பேசட்டும். யார் பேசினாங்கன்னு பேரை மட்டும் எழுதிக் குடு, நானும் எழுதி வச்சிக்கிறேன்" என்றேன்.

"வயசாயிருச்சு உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். ரொட்டியை நான் தொடவில்லை. தர்ஷினியும். கக் ரோஸ் தன் பங்கைப் பூனைக்கு வைத்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

பெக்கான் நானாஸ். போக ஒரு மணி நேரம், லாரிகளுக்குப் பின்னால். சாலையோரம் அன்னாசிக் குவியல். திரும்பும்போது இரண்டு வாங்கினேன், ஒன்று அழுகல்.

சரஸ்வதி இப்போது ஒரு பழப் பதப்படுத்தும் ஆலையில் கணக்குப் பிரிவு. முதல் பெயர் அவளுடையது. தொலைபேசியில் வரலாமா என்று கேட்டிருந்தேன். காப்பிக்கடைக்கு வாங்க, வீட்டுக்கு வேண்டாம் என்றாள்.

தட்டச்சு செய்த வாக்குமூலம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்ற அளவில். படித்தாள். மடித்து என் பக்கமே தள்ளினாள்.

"அன்னிக்கும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கும் நீங்கதானா சார்?"

அதற்குப் பிறகு சரமாரியாகக் கொட்டவில்லை. கத்தவில்லை. அவள் சொன்னது: கு. அவளிடம் நடந்துகொண்டதை விட, அவள் சொல்ல வந்த அன்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் நினைவில் நிற்கிறது. எனக்கு அந்த நாளே நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதை ஏற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேனா கேட்டாள்.

காப்பிக்கடை மேசையில், மலாயில், கையால், ஒன்றரைப் பக்கம். தேதி, இடம், கு. சொன்ன வார்த்தைகள், அவருடைய அன்றைய சட்டையின் நிறம் உட்பட. நான் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கமாவும் திருத்தவில்லை.

புறப்படும்போது கேட்டாள்: "அந்தப் புள்ள வேலைய விட்டுட்டாளா?"

இல்லை.

"விடச் சொல்லாதீங்க."

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. மின்தடை, நாற்பது நிமிடம்.

நிஷா மெல்பர்னில், மின்னஞ்சலில் இரண்டு வரி, போதுமானவை. பவித்ரா பேச விரும்பவில்லை. அது அவள் உரிமை. மீண்டும் கேட்கமாட்டேன்.

கக் ரோஸிடம் எப்படித் தொடங்குவது என்று மலாயில் ஒரு முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். இரண்டாம் வாக்கியத்தில் நிறுத்தினார். என்சிக் சேது, அந்த ஆள் குடித்த கோப்பையை ஆறு வருடமாகக் கழுவுகிறேன், எங்கே கையெழுத்து என்றார். ஏப்ரலில் பார்த்ததை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கக்கூடாததைக் கேட்டேன். யாரிடம் சொல்வது, உங்களிடமா என்றார். கோபமாக அல்ல, முகவரி கேட்பது போல.

அவர் கேள்வி சரி. சேவை மைய ஊழியர் அரசு ஊழியர் அல்லர். கட்சி ஊழியரும் அல்லர். எங்களை வைத்திருப்பவர் உறுப்பினர், ஒரு கடிதத்தின் பேரில். மனிதவளப் பிரிவு என்று ஒன்று கிடையாது. ஒய்பிக்கு வரும் புகார்க் கடிதங்களைப் பிரித்துப் படித்து வரிசைப்படுத்துவது சிறப்பு அதிகாரி. அதாவது கு.வைப் பற்றிய புகாரை முதலில் படிப்பவர் கு.

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது ஒய்பி அவையில் ஒன்பது நிமிடம் பேசினார். நல்ல உரை. மேசையைத் தட்டினார்கள். எழுதியது நான். எழுதி முடித்த அன்று மாலை இதே அறையில் பவித்ராவின் விலகல் கடிதத்தைத் திருத்தினேன்.

மாலை ஐந்து மணி. நிகழ்ச்சி நிரலை அச்சுக்கு அனுப்பினேன். ஒவ்வோர் ஆண்டும் போல ஒய்பியோ கு.வோ பார்க்கவில்லை, சேது போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. முந்நூறு படிகள், தமிழும் மலாயும். இரண்டாம் வரி:

வரவேற்பு (பன்னீர், சந்தனம், மாலை): திரு சேதுபதி, திரு குணாளன்.

ஏழாம் வரி:

சட்ட உதவி முகப்பு: செல்வி தர்ஷினி, எல்.எல்.பி.

தர்ஷினியிடம் காட்டினேன். ஏழாம் வரியை இரண்டு முறை படித்தாள். இதற்காக ஒப்பந்தம் இன்னும் சீக்கிரம் போகலாம் என்றேன். எப்படியும் போகிறதுதானே சார் என்றாள். பிறகு, மேசைக்கு நீளமான மின்கம்பி வேண்டும், மடிக்கணினி பழையது என்றாள்.

அக்டோபர் 11, சனி

காலை ஏழு மணிக்கே மண்டபத்தில். வெள்ளை வேட்டி, சட்டை. வலக்கையில் பன்னீர்ச் சொம்பு, இடப்பக்கம் சந்தனத் தட்டு. கை வலிக்கும் என்று தெரியாது. இருபது நிமிடத்தில் தோள்பட்டை கடுத்தது. இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டும், சிரிக்கவும் வேண்டும். ஏழு ஆண்டுகளில் ஒரு நாற்காலி போட எனக்குத் தோன்றியதில்லை.

கேட்டவை, வரிசையாக:

"என்னண்ணே, பொண்ணுங்க யாரும் கெடைக்கலையா?"

"அலமாக், சேது சார் மாப்பிள்ள வீட்டு ஆளு மாதிரி நிக்கிறாரு."

"ஆம்பள கையால சந்தனமா? வேணாம்பா." (ஒரு கிளைத் தலைவர். தட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.)

கூலாயிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், ஆலைச் சீருடையின் மேல் சால்வை, நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் சொன்னது: "போட்டோ எடுடி. இதெல்லாம் அப்புறம் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க." பன்னீரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கணம் வலி தெரியவில்லை.

கு. ஒன்பதுக்கு வந்தார். நிரலைப் பார்த்தார். முகம் ஒன்றும் மாறவில்லை. அதில் அவருக்குப் பயிற்சி உண்டு. என் பக்கத்தில் இருந்த இரண்டாம் சொம்பைத் தாண்டி உள்ளே போனார். ஆனால் அறிவிப்பாளர் வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவர். தாளில் உள்ளதை உள்ளபடி வாசிப்பவர். "இன்று உங்களை வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றவர்கள், திரு சேதுபதி, திரு குணாளன்." மண்டபம் சிரித்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு சற்று நேரம் நீடித்தது. கு.வும் எழுந்து கும்பிட்டுச் சிரித்தார். வேறு வழி இல்லை அவருக்கு.

ஒய்பிக்கு மாலையை நான் போட்டேன். குனிந்தபோது காதருகே: "என்ன நாடகம் இது சேது?" புன்னகை கலையாமல், கேமராவைப் பார்த்தபடி.

தர்ஷினியின் மேசையில் பதினொரு பேர். பிறப்புச் சான்றிதழ் இரண்டு, வேலை நீக்கம் ஒன்று, வீட்டு வாடகை, மற்றவை. சேலை இல்லை. கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. மதிய உணவுக்கும் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தோள்பட்டை. மாலதி தன் தைலத்தைக் கடன் கொடுத்தாள், கேலியுடன்.

வாட்சாப் குழுவில் யாரோ: "கெழவனுக்குப் பொண்ணு கிறுக்கு." கு. அல்ல, அவருடைய ஆள். படம் பிடித்து வைத்தேன். மாலதியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்று பதில் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

வானம் மூட்டம். ஒய்பி இன்று இரவு கோலாலம்பூர் திரும்புகிறார். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் வியாழக்கிழமை அவர் முறை. நான் எழுதும் உரை.

காலை பதினொன்றுக்கு அறைக்கு அழைத்தார். நான், அவர், மூடிய கதவு. பட்டியலையும் மூன்று வாக்குமூலங்களையும் மேசையில் வைத்தேன். முழுவதும் படித்தார், அதை மறுக்கமாட்டேன். சரஸ்வதியின் தாளை இரண்டு முறை. பட்டியலின் ஐந்தாம் எண்ணில் விரல் வைத்து, இது இங்கே எதற்கு என்றார்.

அவர் முன்வைத்தவை: கு. தனியாக மன்னிப்புக் கேட்பார். தர்ஷினியைக் கட்சி மகளிர் பிரிவுக்கு மாற்றலாம். எல்லாம் தீபாவளிக்குப் பிறகு. தேர்தல் வருகிறது. வெளியே போனால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம்.

மாற வேண்டியவர் தர்ஷினி என்று எப்படி முடிவானது என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "சேது, நான் வாங்காத பேச்சா? அவையிலேயே என் உடம்பப் பத்திப் பேசினாங்க. மைக்குல. நான் அழுதேனா? மறுநாள் போய் அதே எடத்துல ஒக்காந்தேன்."

"நீங்க அழுதீங்க ஒய்பி. செரம்பான் வரைக்கும். வண்டி ஓட்டினது நான்."

கண்ணாடியை மீண்டும் போட்டுக்கொண்டார். வெளியே கக் ரோஸ் யாருக்கோ படிவம் நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ஒய்பியை நான் மதிக்கிறேன். இன்றும். அதனால்தான் இந்தக் கோபம் சூடாக இல்லை. சூடாக இருந்திருந்தால் இதற்குள் ஆறியிருக்கும்.

கடைசியில்: "குணா இல்லாம கிளைய யாரு பாப்பா? நீங்களா?"

அது புகாருக்குப் பதில் அல்ல என்றேன்.

"நாள் குடுங்க."

கொடுக்கிறேன், எழுத்தில் கொடுக்கிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

தர்ஷினியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன், மகளிர் பிரிவு உட்பட. பாலியல் தொல்லைத் தடுப்புத் தீர்ப்பாயத்துக்கான மனுவை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறாள். அனுப்பவில்லை. ஒய்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைக்கிறாள். அவரைப் பார்த்துத்தான் சட்டம் படிக்கப் போனாளாம். எனக்கு இது தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

விடியற்காலை மழை, பிறகு தெளிவு. கடிதம் காலை எட்டு மணிக்கு மின்னஞ்சலிலும், பத்து மணிக்குப் பதிவஞ்சலிலும். கு.வின் மேசை வழியாகப் போகவில்லை. அனுப்புவதற்கு முன் தர்ஷினி வாசித்தாள். இரண்டு இடங்களில் என் சொல்லை மாற்றினாள், இரண்டும் கூர்மையாயின. படி கீழே:

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

நேற்று நாள் கேட்டீர்கள். கேட்டபடி தருகிறேன்.

செல்வி தர்ஷினியின் ஆறு புகார்களும் சாட்சியங்களும் உங்களிடம் உள்ளன. அவற்றில் ஐந்தாவது என்னைப் பற்றியது. அதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி நீங்கள் நேற்று ஜாடையாகச் சொன்னீர்கள். எடுக்கமாட்டேன். அதையும் விசாரியுங்கள்.

கேட்பவை: திரு குணாளன் இன்றே பணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். அலுவலகத்துக்கும் கட்சிக்கும் வெளியே உள்ள ஒருவர் விசாரிக்க வேண்டும். ஜூலை 9 படம் நீக்கப்பட வேண்டும். செல்வி தர்ஷினியின் ஒப்பந்தம், அவர் இப்போது செய்யும் சட்டப் பணியின் பெயரிலேயே, அக்டோபர் 31க்கு முன் புதுப்பிக்கப்பட வேண்டும். இனி எந்த நிகழ்ச்சியிலும் எந்தப் பெண் ஊழியரும் வாசலில் நிறுத்தப்படக்கூடாது. நிற்பதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

வியாழக்கிழமை உரை இத்துடன் இணைப்பில். பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்பு என்ற பகுதியின் தலைப்பு மட்டும் உள்ளது. கீழே காலியாக விட்டிருக்கிறேன். அங்கே எழுத வேண்டியதை நீங்கள்தான் முதலில் செய்ய வேண்டும்.

தீபாவளிக்குப் பிறகு அல்ல. தேர்தலுக்குப் பிறகு அல்ல. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள், செல்வி தர்ஷினியின் பெயருக்கு, எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் பதில் வேண்டும். தொலைபேசி அழைப்பும் வாட்சாப் செய்தியும் பதிலாக ஏற்கப்படா. ஐந்து மணி கடந்தால் அவருடைய மனு தீர்ப்பாயத்துக்குப் போகும். சாட்சிகளின் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.